கர்ப்பப்பைக் கட்டி: எடுத்துவிடலாமா, காத்திருக்கலாமா?



பங்குப் பணியில் இருக்கும் எந்தக் குருவுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு பெண்மணி மட்டும் கோவில் வாசலில் நிற்பார். துணைக்கு அக்காவோ மகளோ இருப்பார். கையில் ஸ்கேன் எடுத்த மஞ்சள் உறை. "சாமி, கர்ப்பப்பையில கட்டி இருக்குதாம். எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. எடுத்தா பாவமா சாமி?" இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "நீங்க ஒரு அனுமதிக் கடிதம் எழுதித் தரணுமா?" என்று கேட்பார்கள்.

கடிதம் எதுவும் தேவையில்லை. இப்படி ஒரு சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கும் இல்லை, மறுக்கும் அதிகாரமும் இல்லை. முடிவு அந்தப் பெண்ணுடையது. அவர் கணவரோடு கலந்து, மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொண்டு, தம் மனச்சான்றின்முன் எடுக்கவேண்டியது. ஆனால் மனச்சான்று சரியாக முடிவெடுக்கச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். நான் மருத்துவன் அல்ல. அறநெறி இறையியல் படித்தவன். பல குடும்பங்களோடு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்திருந்தவன். அந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கட்டி என்ன?

மருத்துவர்கள் ஃபைப்ராய்டு என்று சொல்வது கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளரும் ஒரு சதைக் கட்டி. தமிழில் நார்த்திசுக் கட்டி என்று எழுதுகிறார்கள். இது புற்றுநோய் அல்ல. மிகச் சாதாரணமாக வருவது. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஐம்பது வயதை எட்டும்போது வெள்ளை இனப் பெண்களில் நூற்றுக்கு எழுபது பேரளவிலும், கறுப்பினப் பெண்களில் எண்பதுக்கு மேலும் இக்கட்டி இருக்கலாம் என்று கண்டது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் பட்டிருக்கும்; அவ்வளவுதான்.

தொல்லை தருவதும் தராததும் பெரும்பாலும் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கர்ப்பப்பையின் உட்புறத்தை நோக்கி வளர்ந்தால், சிறியதாக இருந்தாலும் உதிரப்போக்கு அதிகமாகும். சுவருக்குள்ளேயே வளர்ந்தால் வலியும் போக்கும் வரலாம். வெளிப்புறமாக வளர்ந்தால் போக்கு அதிகம் இருக்காது. ஆனால் பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி, அரை மணிக்கொரு தடவை எழுந்து போக வைக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் இவை சுருங்கிவிடும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. இந்த ஒரு செய்தி, நாற்பத்தைந்து வயதில் முடிவெடுக்க நிற்கும் ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

"விட்டா கேன்சர் ஆயிடும்" என்ற சொல்தான் பல வீடுகளில் முடிவை எடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மாமியார் சொல்வார். வருத்தத்தோடு எழுதுகிறேன், சில மருத்துவமனைகளிலும் அவசரப்படுத்துவதற்காகச் சொல்கிறார்கள். சாதாரணக் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. கட்டி என்று நினைத்து அறுவை செய்யும்போது மறைந்திருந்த சதைப்புற்று வெளிப்படுவதுண்டு. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் இதை அறுவைக்கு உள்ளாகும் 350 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு என்று மதிப்பிட்டது. எனவே, மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால், அல்லது நின்றபின் மீண்டும் இரத்தம் பட்டால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போகவேண்டும். முப்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் கட்டி இருப்பதைப் பார்த்து அதே பயத்தைக் காட்டுவது நியாயமல்ல.

திருச்சபை சொல்வது

நோயுற்ற உறுப்பை அகற்றுவது பாவம் என்று திருச்சபை எந்நாளும் சொன்னதில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அரைகுறையாகக் கேட்ட ஒரு மறையுரையை நம்பி, இரத்தம் இழந்துகொண்டே வருடக்கணக்கில் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஹீமோகுளோபின் ஆறுக்குக் கீழே போயிருந்தது; பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும். படியேறினால் மூச்சு வாங்கும். "கடவுள் தந்த உறுப்பை எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சாமி" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

உடலின் ஒரு பகுதி முழு உடலின் நலனுக்காகவே இருக்கிறது. காலில் அழுகல் ஏறினால் உயிரைக் காக்கக் காலை எடுக்கிறோம். இதை இறையியலில் முழுமை நெறி என்பார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953 அக்டோபர் 8 அன்று சிறுநீரக அறுவை மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு மூன்று நிபந்தனைகளைக் கூறினார். அந்த உறுப்பு அப்படியே இருப்பதால் அல்லது இயங்குவதால் உடல் முழுவதற்கும் கடுமையான கேடு அல்லது ஆபத்து இருக்கவேண்டும். அந்தக் கேட்டை நீக்கவோ குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவோ வேறு வழி இல்லாமல், இந்த அறுவையால் பலன் கிடைக்கும் என்பது உறுதியாக இருக்கவேண்டும். இழப்பைவிட நன்மை பெரிதாக இருக்கவேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன் சொன்னது. ஆனால் இன்றும் ஒரு பெண் மருத்துவர் முன் உட்கார்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் இவையே என்பது என் எண்ணம். என் தொல்லை உண்மையிலேயே பெரிதா? வேறு வழி உண்டா? எடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும், என்ன போகும்?

1968இல் ஆறாம் பவுல் வெளியிட்ட 'மனித உயிர்' என்ற சுற்றுமடலைப் பலர் "கருத்தடை கூடாது" என்ற ஒரே வரியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் 15ஆம் பத்தியை யாரும் படிப்பதில்லை. உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சை, அதனால் குழந்தைப்பேறு தடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அந்தத் தடையே நோக்கமாக இல்லாதவரை தவறல்ல என்பது அங்கே உள்ள போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2297) சிகிச்சைக்காகச் செய்யப்படும் உறுப்பு நீக்கத்தை விலக்காகவே வைத்திருக்கிறது.

அப்படியானால் எது கூடாது? கர்ப்பப்பையை எடுப்பதன் நோக்கமே "இனிக் குழந்தை வேண்டாம்" என்பதாக இருந்தால் கூடாது. நோய் இல்லாத கர்ப்பப்பையை, அடுத்த பேறுகாலம் ஆபத்தாக இருக்கலாம் என்பதற்காக மட்டும் எடுப்பது பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993 ஜூலை 31 அன்று பதில் அளித்தது. கர்ப்பப்பை இப்போதே, தன்னளவிலேயே தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்தாக இருந்தால் எடுக்கலாம். வரக்கூடிய ஒரு கர்ப்பத்தில்தான் ஆபத்து என்றால் அது நேரடி மலடாக்குதலே ஆகும் என்றது. அதே பேராயம் 2018 டிசம்பர் 10 தேதியிட்டு, 2019 சனவரியில் வெளியிட்ட இன்னொரு பதிலில், குழந்தையை உயிர்வாழும் நிலைவரை சுமக்க இனி இயலவே இயலாது என்று மருத்துவர்கள் உறுதியாகக் கண்ட கர்ப்பப்பையை அகற்றுவது தவறல்ல என்று தெளிவுபடுத்தியது. அதற்கு அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளித்திருந்தார்.

ஃபைப்ராய்டு கட்டியால் இரத்தம் இழந்து வாடும் பெண்ணின் நிலை இவற்றில் முதல் வகையைச் சேர்ந்தது. நோய் கர்ப்பப்பையில்தான் இருக்கிறது, இப்போதே இருக்கிறது. எடுப்பது நோயைத் தீர்க்க. குழந்தை பெற இயலாமல் போவது விரும்பித் தேடிய விளைவல்ல, உடன்வரும் விளைவு. இதை இருவிளைவு நெறி என்று குருமடத்தில் படித்தோம்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். நம் பங்குகளும் இதற்கு விலக்கல்ல. அவர்களில் சிலர், "அன்னைக்கு அந்த ஆபரேஷன் பண்ணினதுக்குத்தான் ஆண்டவர் இந்தக் கட்டியைக் கொடுத்திருக்கார்" என்று அழுகிறார்கள். இல்லை, அம்மா. கட்டி தண்டனை அல்ல. துறவறக் கன்னியருக்கும் வருகிறது. குழந்தை பெறாத பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு சற்று அதிகமும்கூட. பழைய முடிவைப் பற்றி மனதில் பாரம் இருந்தால் அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அந்தப் பாரத்தைக் கொண்டுவந்து இந்த நோயின்மேல் ஏற்றவேண்டாம்.

புனித ஜியான்னா பற்றி

தாய்மார் கூட்டங்களில் இவர் பெயர் அடிக்கடி வரும். ஜியான்னா பெரெத்தா மொல்லா, இத்தாலியின் மிலான் பகுதியைச் சேர்ந்தவர், குழந்தை மருத்துவர், மூன்று பிள்ளைகளின் தாய். 1961இல் நான்காவது குழந்தையைக் கருத்தாங்கி இரண்டாவது மாதத்தில் இருந்தபோது, கர்ப்பப்பையில் இதே ஃபைப்ராய்டு கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கருக்கலைப்புச் செய்யலாம், கர்ப்பப்பையையே எடுக்கலாம், அல்லது குழந்தையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் அகற்றலாம் என்ற மூன்று வழிகள் இருந்தன. தமக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவராகத் தெரிந்தே மூன்றாவதைத் தேர்ந்தார். 1962 ஏப்ரல் 21 அன்று மகள் பிறந்தாள். ஒரு வாரத்தில், ஏப்ரல் 28 அன்று, வயிற்றுறை அழற்சியால் ஜியான்னா இறந்தார். வயது 39. 2004 மே 16 அன்று இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தபோது கணவரும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, நோயுற்ற கர்ப்பப்பையை எடுக்க அன்று ஜியான்னா இசைந்திருந்தாலும், அது நேரடிக் கருக்கலைப்பு ஆகியிருக்காது என்றே அறநெறி இறையியலாளர் பலரும் விளக்குகின்றனர். அவர் செய்தது கடமைக்கு மேற்பட்ட அன்பு. கடமையாக யார்மேலும் சுமத்தப்படுவதல்ல. மற்றது, அவர் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், கருவுறாத நிலையில், மாதம் பத்து நாள் இரத்தம் போகும் ஒரு தாய், "புனித ஜியான்னா எடுக்கவில்லையே" என்று அறுவையை மறுப்பது அவரைப் பின்பற்றுவது ஆகாது. கட்டியை எடுத்துக்கொள்ள அவரும் அறுவை மேசையில் படுத்தவர்தான்!

எடுப்பதற்கு முன் உள்ள வழிகள்

பன்னிரண்டாம் பயஸ் சொன்ன இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன். அவர் பேசிய காலத்தைவிட இன்று வேறு வழிகள் பல இருக்கின்றன. எனவே அந்தக் கேள்வி இன்று முன்பைவிடக் கனமானது.

தொல்லை இல்லாத கட்டிக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் ஸ்கேன் பார்த்தால் போதும். "பன்னிரண்டு வாரக் கர்ப்பம் அளவு கட்டி" என்று மருத்துவர் சொன்னால் பயந்துவிடாதீர்கள். அது அளவைச் சொல்லும் முறை மட்டுமே. அளவு ஒன்றே எடுப்பதற்குக் காரணமாகிவிடாது. போக்கு அதிகமானால் அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் உண்டு. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, தேவையானால் நரம்பு வழியாக ஊசி. கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும் ஹார்மோன் ஊசிகளும் உண்டு; எலும்பைத் தேய்க்கும் என்பதால் பொதுவாகச் சில மாதங்களுக்கு மேல் போடமாட்டார்கள். பெரும்பாலும் அறுவைக்கு முன் தயார்படுத்தவே பயன்படுகின்றன.

ஹார்மோன் மாத்திரை என்றதும் "அது கருத்தடை மாத்திரையாச்சே" என்று தயங்குகிறார்கள். நோய்க்கு மருந்தாகச் சாப்பிடும்போது 'மனித உயிர்' 15ஆம் பத்தி சொல்வதே பொருந்தும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள் பற்றி மட்டும் இறையியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உதிரப்போக்கை அது நன்றாகக் குறைக்கிறது. ஆனால் கருவாகிவிட்ட உயிர் ஒட்டுவதையும் அது தடுக்கக்கூடும் என்ற கவலை இருக்கிறது. குழந்தை உண்டாகும் வாய்ப்புள்ள மணமான பெண்கள் இதுபற்றி மருத்துவரிடமும் ஆன்ம குருவிடமும் தனியே பேசுவது நல்லது. அந்த வாய்ப்பே இல்லாதவர்களுக்கு இந்தச் சிக்கல் எழாது.

கட்டியை மட்டும் எடுத்து, கர்ப்பப்பையைத் தைத்துவிடும் அறுவை இருக்கிறது. ஜியான்னாவுக்கு நடந்தது அதுதான். உட்புறக் கட்டியாக இருந்தால் வயிற்றைத் திறக்காமலே, கருவாய் வழியாகக் கருவி செலுத்தி எடுத்துவிடலாம். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு முதலில் யோசிக்கவேண்டியது இதுவே. கட்டி மீண்டும் வரலாம் என்பது குறை. கட்டிக்கு இரத்தம் போகும் குழாயை அடைத்துச் சுருங்கவைக்கும் முறை 1995 முதல் பேசப்படுகிறது. பெரிய ஊர் மருத்துவமனைகளில் செய்கிறார்கள். இனிக் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

ஒரு பங்கில், இருபத்தொன்பது வயதுப் பெண். திருமணமாகி மூன்று ஆண்டு, குழந்தை இல்லை. சிறு கட்டி. "எடுத்துடுங்க, தொல்லை விட்டுது" என்று ஒரு மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார்கள். கணவருக்கோ யோசனை. இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். வயதை எண்ணிப் பாருங்கள். நாளை மறுநாள் அறுவை என்ற அளவுக்கு அங்கே என்ன அவசரம்?

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல, நாட்டின் கதை. அதே 2019–21 ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் அது எட்டு, ஒன்பது பேர். பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராட்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள், மாதவிலக்கு நாட்களில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிக்கப்படும் என்பதால் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் செய்யப்பட்ட அறுவைகள் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நடுவண் அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என்றது. கர்ப்பப்பை கூலிக்கும் காப்பீட்டுப் பணத்துக்கும் விலையாகும் உறுப்பல்ல என்று நாம் மறையுரையில் சொல்லவேண்டியதை நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

எப்போது எடுப்பதே சரி?

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்போ எடுக்கவே கூடாது போல" என்று யாரும் முடிவுக்கு வரவேண்டாம். மருந்து கொடுத்தும் போக்கு நிற்கவில்லை, இரத்தம் ஏற்றியும் ஏற்றியும் குறைகிறது, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், மாதவிலக்கு நிற்க இன்னும் பல ஆண்டு இருக்கிறது என்ற நிலையில் கர்ப்பப்பையை எடுப்பது நல்ல சிகிச்சை. கட்டி திரும்ப வராது, போக்கு முழுவதும் நின்றுவிடும் என்ற உறுதி அதில் மட்டுமே உண்டு. எடுத்த பிறகு "ஏன் சாமி இத்தனை வருசம் சும்மா இருந்தேன்" என்று சொன்னவர்களும் உண்டு. காத்திருப்பது எப்போதும் பக்தி ஆகிவிடாது. கடும் இரத்தசோகை இதயத்தைக் களைப்படையச் செய்யும். வீட்டையும் வேலையையும் சுமந்துகொண்டு ஒருவர் மெல்ல மெல்ல வற்றிப்போவதை, "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமும் ஐந்தாம் கட்டளையை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அறுவைக்கு முன் சினைப்பை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பப்பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன் இரண்டையும் எடுத்தால் உடல் ஒரே நாளில் முதுமைக்குத் தள்ளப்படும். உடம்பு கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதய நோய் வாய்ப்பு எல்லாம் கூடும். சினைப்பையில் நோய் இருந்தால், அல்லது குடும்பவழிப் புற்றுநோய் ஆபத்து இருந்தால் அது வேறு. நோயில்லாத சினைப்பையைக் காரணமின்றி எடுப்பதை முழுமை நெறியும் ஏற்காது, இன்றைய மருத்துவமும் ஏற்காது. கையெழுத்துப் போடும் தாளில் என்னென்ன எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்பத்தைந்து வயதை ஒட்டியவர்களுக்கு, ஒழுங்கற்ற போக்கு இருந்தால், எடுப்பதற்கு முன் கர்ப்பப்பையின் உட்புறச் சதையைச் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். அறுவை முடிந்ததும் எடுத்த உறுப்பை ஒரு தட்டில் வைத்து வெளியே நிற்கும் உறவினரிடம் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்கி விழுந்த கணவர்மாரும் உண்டு! அதைக் கல்லறையில் அடக்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை, மருத்துவமனை முறைப்படி அகற்றினால் போதும். ஆனால் அதற்கு முன் அது திசுப் பரிசோதனைக்குப் போகவேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நம்மில் பலர் தையல் பிரித்ததோடு மறந்துவிடுகிறோம்.

செலவு பெரிய கவலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும் அங்கே போகலாம். இரத்தம் தேவைப்பட்டால் பங்கின் இளைஞர் இயக்கத்தில் சொல்லுங்கள்.

பெண்மை போய்விடுமா?

போகாது. சினைப்பைகள் இருக்கும்வரை பெண்மைக்குரிய சுரப்புகள் தொடரும். மாதவிலக்கு மட்டும் வராது. கணவன் மனைவி உறவு காயம் ஆறும்வரை, பொதுவாக ஆறு வாரம், தவிர்க்கப்படவேண்டும். அதன்பின் அது முன்போலவே புனிதமானது, நல்லது. குழந்தைப்பேறு இல்லாமையால் திருமணம் செல்லாமல் போவதில்லை என்பதைத் திருச்சபைச் சட்டம் எண் 1084 தெளிவாகவே சொல்கிறது. "இனி நீ எதுக்கு" என்ற பேச்சு ஒரு கிறிஸ்தவ வீட்டில் எழக்கூடாது. எழுந்தால் அந்தக் கணவரை என்னிடம் அனுப்புங்கள்.

மணமாகாத பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தால், பின்னர் வரன் பார்க்கும்போது அதை மறைக்கக்கூடாது. குழந்தையின்மை திருமணத்துக்குத் தடையல்ல. ஆனால் அதை ஏமாற்றி மறைத்து மணம் முடித்தால் அத்திருமணம் செல்லாததாகலாம். பெற்றோர் பயத்தில் மறைக்கப் பார்ப்பார்கள். அறிந்து ஏற்றுக்கொள்ளும் மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படி ஒரு திருமணத்தை நானே மந்திரித்து வைத்திருக்கிறேன்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கினால் வருந்திய பெண் வருகிறார். பெரும்பாடு என்று நம் பாட்டிமார் சொன்ன நோய். கையிலிருந்த பணமெல்லாம் மருத்துவர்களிடம் செலவாகி, நோய் முற்றிப்போனது என்கிறார் மாற்கு. மருத்துவர் என்று மரபு சொல்லும் லூக்கா, நோய் முற்றிய அந்த விவரத்தை மட்டும் எழுதவில்லை. தம் தொழிலாளர்மேல் அவருக்குச் சற்று இரக்கம் போலும். அந்தப் பெண் பின்புறமாக வந்தார், மறைந்து தொட்டார். அவர் காலச் சட்டம் அவரைத் தீட்டு என்றது. ஆண்டவர் அவரைக் கூட்டத்தின் முன் அழைத்து, மகளே என்றார்.

நம் பெண்களில் சிலர் இன்னும் பின்புறமாகத்தான் வருகிறார்கள். போக்கு இருக்கும் நாட்களில் பூசைக்கு வரலாமா, நன்மை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மாதம் இருபது நாள் போக்கு உள்ளவர் அப்படியே கோவிலை விட்டு விலகிவிடுகிறார். 601ஆம் ஆண்டிலேயே புனித பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்கு எழுதியனுப்பியதாக வரும் பதிலில், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கோவிலுக்கு வருவதையும் நற்கருணை பெறுவதையும் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. அங்கே அவர் சான்றாகக் காட்டுவதும் இந்தப் பெண்ணைத்தான். உடல் தளர்ச்சியால் வர இயலவில்லை என்றால் அது வேறு. தீட்டு என்று எண்ணி யாரும் வராமல் இருக்கவேண்டாம்.

பெரிய அறுவைக்கு முன் நோயில்பூசுதல் அருட்சாதனம் பெறலாம். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற பழைய எண்ணத்தால், பூசுதலுக்கு வந்தேன் என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் சேருவதற்கு முந்தின நாள் திருப்பலிக்கு வாருங்கள், முடிந்ததும் அங்கேயே பூசிவிடுகிறேன். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை என்றால் ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தைக் கணவரும் மகன்களும் தூக்கட்டும். கூலி வேலை செய்பவராக இருந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா என்பதை வின்சென்ட் தே பவுல் சபையினர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஞாயிறு பூசைக்கு வர இயலாத வாரங்களில் நற்கருணை வீட்டுக்கே வரும். அன்பியப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.